கயிற்றில் வந்த மாப்பிள்ளை

வீடியோ பார்த்து கார் ரிப்பேர் கற்றுக்கொண்டவனுக்கு வரும் தைரியம் எந்த மெக்கானிக்குக்கும் ஆயுசுக்கும் வராது. எனக்கு அது என் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் வந்தது.

மாமாவிடம் இரவல் வாங்கிய பழைய காரில் தண்ணீர் சொட்டியது. வாட்டர் பம்ப் போய்விட்டதென்றும், மாற்ற இரண்டு நாள் ஆகுமென்றும் மெக்கானிக் சொன்னார்.

"இஞ்சின சுத்தி தண்ணிய ஓடவுட்டு சூட்ட எறக்குற சாமான்மா, அவ்ளோதான்" என்று அம்மாவுக்கு வகுப்பெடுத்துவிட்டு, கள்ளிக்குப்பம் வீட்டு வாசலிலேயே கழற்றினேன். பம்ப்புக்கும் இஞ்சினுக்கும் நடுவே தண்ணீர் கசியாமலிருக்க மெல்லிய கேஸ்கெட் ஒன்று உண்டு. பழையதைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். (வீடியோவில் அந்த இடம் அறுவையாக இருந்ததால் ஓட்டிவிட்டேன்.) பழையதன் மேலேயே புதியதை வைத்து முறுக்கினேன். இரட்டைப் பாதுகாப்பாம்!

மறுநாள் பட்டுவேட்டி கட்டி, அம்மாவையும் சீர்த்தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு, பெண் வீடு இருக்கும் பட்டாபிராமுக்குக் கிளம்பினேன். ஆவடி தாண்டியதும் அம்மா ஆரம்பித்தாள்.

"டேய், முன்னாடி இன்னாடா பொகையா வர்து?"

"பனிம்மா."

"சித்திரை வெயில்ல பனியாடா?"

வண்டி நின்றேவிட்டது. சூட்டோடு திறக்கவே கூடாத ரேடியேட்டர் மூடியை, பதற்றத்தில் துண்டைச் சுற்றித் திருகினேன். கூலன்ட் கலந்த பச்சை நிறக் கொதிநீர் பீறிட்டது. நான் குதித்துத் தப்பித்தேன். வேட்டி தப்பவில்லை.

நல்ல நேரம் முடிய அதிகமில்லை. பெண்ணின் அண்ணன் குமாருக்குப் போன் போட்டேன். லோடு ஆட்டோவோடு வந்தான். அம்மா சீர்த்தட்டுகளோடு அதில் ஏறிக்கொண்டாள். (எனக்கும் இடமிருந்தது. ஆனால் காரை நடுரோட்டில் விட்டால் மாமா என்னை உயிரோடு விடமாட்டார்.) குமார் காரைக் கயிற்றால் ஆட்டோவின் பின்னால் கட்டினான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தன்னந்தனியாக நான்.

தெருவுக்குள் நுழைந்தோம். யாரை வரவேற்பதென்று தெரியாத மேளக்காரர்கள் லோடு ஆட்டோவுக்கு வாசித்தார்கள். பெண்ணின் பெரியப்பா வாசலிலிருந்தே கத்தினார்:

"இன்னா குமாரு, மாப்ள வரமாட்டேன்னு அடம் புட்சாரா? கட்டி இஸ்துகினு வர்றே?"

தெருவே சிரித்தது. மாடியிலிருந்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள், எனக்கு நிச்சயமாகவிருந்த தேவி. மாமனாரின் வேட்டியை இரவல் கட்டிக்கொண்டு தாம்பூலம் மாற்றி முடித்தேன்.

இப்போது எங்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் மகள் இருக்கிறாள். சண்டையில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், தேவி அவளிடம் திரும்பி நிதானமாகச் சொல்வாள்:

"உங்க குமாரு மாமன் அன்னிக்கு ரோட்லயே கயித்த அவுத்து உட்டிருக்கணும்டி."