ஒன்பது கிலோ சர்வோ

ஒரகடத்தில் உள்ள எங்கள் தொழிற்சாலை நாளொன்றுக்கு நானூறு கார்களுக்கு ஸ்டீரிங் பாகங்கள் செய்து அனுப்புகிறது. ஆகவே, ஒரு முழ நீள ரிமோட் காருக்கு ஸ்டீரிங் வாங்குவது எங்களுக்கு எளிது என்று வெளியார் நினைக்கக்கூடும். வெளியாருக்கு நடைமுறை தெரியாது.

போன வருஷ ஆண்டு விழாவில் ரிமோட் கார் பந்தயம். ஜெயிப்பவருக்கு லைனிலிருந்து டிசைன் பிரிவுக்கு மாற்றம் என்று நிர்வாகம் அறிவித்தது. ஆறு வருஷமாக லைனில் நின்றபடியே போல்ட் முடுக்கும் பென்னலூர் காஞ்சனா, கழித்துப்போட்ட சாமான்களைக் கொண்டே ஒரு கார் செய்துவிட்டாள். முன்சக்கரத்தைத் திருப்பும் சர்வோ என்கிற தீப்பெட்டியளவு மோட்டார் மட்டும் பாக்கி. கடையில் அறுநூறு ரூபாய். அவளே வாங்கியிருப்பாள். ஆனால் சொந்தப் பொருள் எதுவும் கேட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்பது விதி.

சர்வோ கேட்டு அவள் கொடுத்த மனுவைக் கொள்முதல் அதிகாரி சுப்பராயலு இரண்டு முறை படித்தார்.

“ஸ்டீரிங்னு போட்டுக்கீறியே. அப்போ ஸ்டீரிங் கமிட்டிக்குத்தான் போவணும்.”

“சார், அது கம்பெனிய வழிநடத்துற கமிட்டி. இது சக்கரத்தத் திருப்புறது.”

“ரெண்டும் திருப்புறதுதானேம்மா?”

பதினொரு பேர் கொண்ட கமிட்டி முந்திரி பக்கோடாவுடன் கூடியது. மேற்படி பொருளின் தன்மை விரிவாகப் பரிசீலிக்கப்பட்டது.

“ஒன்பது கிலோ சர்வோன்னு எழுதிக்கீறியே. உன் வண்டி எடை இன்னா?” என்றார் தலைவர் நடேசன்.

“ரெண்டு கிலோ சார்.”

“ரெண்டு கிலோ வண்டியில ஒன்பது கிலோவ எங்கம்மா வைப்பே?”

“அது எடை இல்ல சார், திருப்புற பலம்.”

“பலமும் எடையும் ஒண்ணுதாம்மா. எம்மவன் ஜிம்முக்குப் போறான், எனக்குத் தெரியாதா?”

இரண்டு கிலோவுக்கு மேற்பட்டது ஆடம்பரம் எனத் தீர்மானமாயிற்று. அடுத்தது வேகம். ஒரு சர்வோவில் 0.12 வினாடி, இன்னொன்றில் 0.30. எண் பெரியது, ஆகவே வேகமும் பெரியது என்று கணக்குப் பிரிவு மோகனப்ரியா மேடம் கண்டறிந்தார்.

“மேடம், அது திரும்புறதுக்கு ஆகுற நேரம். கம்மியா இருந்தாத்தான் நல்லது.”

“கம்மியா இருந்தா நல்லதுன்னு விலைய மட்டுந்தாம்மா சொல்லணும்.”

உள்ளே இருக்கும் பற்சக்கரம் உலோகமா, பிளாஸ்டிக்கா என்ற கேள்வி எழுந்தது. உலோகமானால் கேட்டில் மெட்டல் டிடெக்டர் கத்தும் என்றார் செக்யூரிட்டி அதிகாரி. தினமும் லாரி லாரியாக இரும்பு நுழைகிற கேட் அது. பிளாஸ்டிக் என்று முடிவாயிற்று.

பந்தயத்தன்று காலையில் நூற்றுப்பத்து ரூபாய் சர்வோ வந்து சேர்ந்தது. முதல் வளைவிலேயே அதன் பல்லெல்லாம் உதிர்ந்தது. கார் நேராகப் போய்ப் பிரமுகர்கள் பந்தலில் புகுந்து, நடேசன் சாரின் ஷூவில் முட்டி நின்றது.

“வண்டி நேர்வழியிலிருந்து எள்ளளவும் விலகவில்லை, பாதைதான் விலகியிருக்கிறது” என்றது கமிட்டியின் அறிக்கை.

காஞ்சனா தோற்றாள். ஆனால் சர்வோவைப் பற்றிப் பேசத் தெரிந்தவள் கமிட்டிக்கு வெளியே இருப்பது முறையல்ல என்று கருதிய நிர்வாகம், அவளைப் பன்னிரண்டாவது உறுப்பினராக்கி லைனிலிருந்து விடுவித்தது. சுழல் நாற்காலியும் கொடுத்தது.

இந்த ஆண்டு பெயிண்ட் ஷாப் அஸ்வின் ஒரு கார் செய்தான். மனுவோடு அவளிடம்தான் ஓடி வந்தான்.

“அக்கா, நீங்களாச்சும் நல்ல சர்வோவா வாங்கிக் குடுங்கக்கா.”

காஞ்சனா மனுவை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“அதிருக்கட்டும். வண்டி எதுக்குத் திரும்பணும்? காரணம் எழுதிக் குடுப்பா.”