ஊறிப்போன கெம்பு அட்டிகை

சிவமயம்

காரைக்குடி

அன்புமிக்க சகலை இராமு அவர்களுக்கு, முத்துக்கருப்பன் வணக்கத்துடன் எழுதுவது. கோயம்புத்தூரில் தாங்களும் நாச்சியார் ஆச்சியும் பேரப்பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இவ்விடம் யாவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை என்பதால் எழுதுகிறேன். தாங்கள் அதை நம்ப வேண்டியதில்லை. நேற்று போன் செய்தவன் அங்கே மழை உண்டா என்று மட்டும் விசாரித்துவிட்டு வைத்தேன் அல்லவா, உண்மையில் வேறொன்று சொல்லத்தான் கூப்பிட்டேன். வாய் வரவில்லை.

விஷயம், ஆச்சியின் கெம்பு அட்டிகை. ஆச்சி, என் மீனாள் என்று தம் இரண்டு மகள்களுக்குள் மனத்தாங்கல் வரக் கூடாதென்று நம் மாமியார் ஒரே அச்சில் செய்து போட்ட இரண்டில் ஒன்று. என் மகள் நித்யஸ்ரீ கல்யாணத்தில் மீனாளும் மருமகள் தீக்ஷாவும் ஜோடியாகப் போட்டுக்கொண்டு போட்டோ எடுக்க ஆசைப்பட்டார்கள் என்று ஆச்சியிடம் இரவல் கேட்டோம். மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். இரவல் வாங்கிய குழம்புச் சட்டியையே துலக்கித்தான் திருப்பிக் கொடுக்கிறோம், அட்டிகையை வேர்வையும் சந்தனமுமாகக் கொடுக்கலாமா என்று எனக்குத் தோன்றியது. அங்கே பிடித்தது சனி. பாங்கில் இருந்தவரை லாக்கர் என் பொறுப்பு. நகையைப் பத்திரமாகப் பூட்டத் தெரிந்தவனுக்குக் கழுவவும் தெரியும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

மீனாள் ஒரு விசேஷத்துக்கு நாச்சியாபுரம் போயிருந்தாள். செல்போனில் ஒரு அம்மாள், வீட்டிலேயே நகையைச் சுத்தம் செய்வது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பஞ்சு மாதிரி பிரஷ், அப்புறம் ஒவ்வொரு நகையையும் தனித்தனியே மெத்தென்ற துணியில் சுற்றி வைக்க வேண்டும், ஒன்றோடொன்று உரசக் கூடாது. இவ்வளவுதானா என்று என் மைனர் செயினைப் போட்டு எடுத்தேன். பளபளவென்று வந்தது. "மாமா, இப்பத்தான் கடையில வாங்குன மாதிரி இருக்கு" என்று தீக்ஷா வேறு ஏற்றிவிட்டது. அதற்குள் வீடியோவில் விளம்பரம் வரவே நிறுத்திவிட்டு, ஆச்சி கொடுத்த சிவப்புப் பெட்டியைத் திறந்து அட்டிகையைக் கிண்ணத்தில் இறக்கினேன். அடுத்தவர் பொருளுக்குக் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாதென்று தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, சோப்பையும் தாராளமாக விட்டு, நன்றாக ஊறட்டும் என்று சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். எழுந்து வந்து பார்த்தால் தண்ணீர் ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கிறது. உள்ளே கல்லெல்லாம் உலர்ந்த திராட்சை மாதிரி கறுத்துக் கிடக்கிறது. "ஈரம் போனா சரியாயிரும் மாமா" என்று தீக்ஷா தலைமுடி காயவைக்கும் மெஷினைக் கொண்டுவந்து பிடித்ததில், நடுக்கல் கழன்று எங்கோ பறந்தது. இருவரும் தரையில் தவழ்ந்து, வளவு முழுக்கத் துழாவி, முற்றத்துச் சாக்கடை வாய்க்குத் துணி அடைத்து, பொழுது சாயும் வரை தேடினோம். கல் என் சட்டைப் பையில் இருந்தது. அப்புறம்தான் மனசு கேட்காமல் வீடியோவின் மிச்சத்தைப் பார்த்தேன். அந்த அம்மாள் சிரித்த முகமாகச் சொல்கிறார்: "பழைய கெம்பு நகையில் கல்லுக்கு அடியில் தகடு வைத்து அரக்கால் அடைத்திருப்பார்கள். அதை மட்டும் தயவுசெய்து தண்ணீரில் போட்டுவிடாதீர்கள்." இதை முதலில் சொன்னால் என்ன?

ஆச்சியும் மீனாளும் இன்றுவரை ஒருவரையொருவர் முகம் கோணப் பேசியதில்லை. என்னால் அது கெட்டது என்று இருக்க வேண்டாம். ஆகவே எங்கள் நீலப் பெட்டியில் இருந்த மீனாளின் அட்டிகையை, விஷயத்தைச் சொல்லி, இன்று காலை கோவைக்குக் காரில் கிளம்பிய மகன் அக்ஷயிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். அதை ஆச்சி தம்முடையதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். மீனாளுக்கு இன்னும் தெரியாது. தெரியும் நேரத்தில் நான் காளையார்கோவிலில் சாமி கும்பிட்டுக்கொண்டிருப்பதாக உத்தேசம்.

பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். ஆச்சியிடம் பதமாகச் சொல்லவும். முடிந்தால் சாப்பிட்ட பிறகு சொல்லவும்.

இப்படிக்கு,
தலை குனிந்து நிற்கும்
முத்துக்கருப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மீனாள் வந்துவிட்டாள். கிண்ணத்தைப் பார்த்தாள். மறைக்க வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். "எந்தப் பெட்டியில இருந்து எடுத்தீக?" என்றாள். சிவப்பு என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் பெட்டிக்குக் கொக்கி சரியா மாட்டலை. அடுத்தவுக பொருளாச்சே, பத்திரமா இருக்கட்டும்னு ஆச்சி நகைய நம்ம நீலப் பெட்டியில மாத்தி வச்சேன். நீக ஊறப் போட்டது என்னோடது." ஆகவே அக்ஷய் கொண்டுவருவது உங்கள் வீட்டு நகைதான். இவ்வளவும் எழுதியது வீண் என்று கடிதத்தைக் கிழிக்கப் போனேன். மீனாள் பிடுங்கிக்கொண்டு, ஆச்சி அவசியம் இதைப் படிக்க வேண்டும், அனுப்புங்கள் என்கிறாள். தை மாதம் அவள் சிநேகிதி வீட்டில் ஒரு விசேஷம் வருகிறதாம். போட்டுக்கொள்ள ஆச்சியின் அட்டிகையை மறுபடி இரவல் தர வேண்டுமாம். கழுவாமல் திருப்பித் தருவோம் என்று என் கைப்பட எழுதச் சொல்கிறாள். கழுவாமல் திருப்பித் தருவோம்.