மலையேறிய அலையாத்தி

ராத்திரி எட்டரை மணிக்கு மலை எதையோ உறிஞ்சிக் குடித்தது.

கெலேரா முதலில் தன் கணவன் இலைசா என்றுதான் நினைத்தாள். அவன் தேநீர் குடிக்கிற லட்சணம் அப்படி. ஆனால் இலைசா பாயில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஐந்து மாதப் பிள்ளை தொமாசி அவன் கக்கத்தில் கிடந்தது. சத்தம் வீட்டுக்குப் பின்னால், சரிவிலிருந்து வந்தது. நீளமாக ஓர் உறிஞ்சல். கொஞ்சம் இடைவெளி. அப்புறம் திருப்தியாக ஓர் ஏப்பம்.

"ஏங்க, மலை ஏப்பம் விடுது."

"சாப்பிட்டிருக்கும்," என்றான் இலைசா, கண்ணைத் திறக்காமல்.

கெலேரா பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். நேற்று விரல் நுழைகிற அளவுக்கு இருந்த வெடிப்பில் இன்று முழங்கை நுழைந்தது.

ஒரு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சரிவில் வெயில் தரையில் படாது. ஈவி மரம், வெசி மரம், ஈரப்பலா. அவற்றின் நிழலில் சேம்பும், வேரை இடித்துக் கரைத்துக் குடிப்பதற்கு யங்கோனாச் செடியும். இப்போது அது மொட்டை. மொட்டையான வரலாறு அரசாங்க ஆவணங்களில் "பசுமையாக்கம், முதற்கட்டம்" என்று பதிவாகியிருக்கிறது. நடந்தது இதுதான்.

மேட்டுநில வேளாண்மையையும் வனத்தையும் பருவநிலை மாற்றத்துக்குத் தக்கபடி பக்குவப்படுத்தும் தாங்குதிறன் மேம்பாட்டுச் செயலகம் என்று தீவின் தலைநகரில் ஒன்று உண்டு. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பருவநிலை மாறிவிடும் என்பதால் கெலேராவின் ஊரான நைவுசோவில் அதைச் செயலகம் என்று மட்டும் சொல்வார்கள். அங்கிருந்து ஜொவேசா என்ற அதிகாரி வந்தார். இஸ்திரி போட்ட சுலு வேட்டியை இடுப்பில் கட்டி, முறைப்படி ஒரு கட்டு யங்கோனா வேரை ஊர்த்தலைவர் அபெனிசாவின் முன் வைத்தார்.

"வாய்யா, உப்புக் கருவாடே," என்றார் அபெனிசா.

"வந்துட்டேன்டா, மலைப் பன்னி. உன் மூஞ்சியப் பாத்ததும் நிலச்சரிவுன்னா என்னன்னு புரிஞ்சிபோச்சு."

ஊரே கைதட்டிச் சிரித்தது. ஜொவேசா கடலோரத்துக்காரர். அவர் ஊருக்கும் நைவுசோவுக்கும் தௌவு உறவு. ஆதியில் இரண்டுக்கும் ஒரே தெய்வம். தௌவுக்காரர்கள் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டலாம். ஒருவர் பொருளை இன்னொருவர் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகலாம். பறிகொடுத்தவர் சிரிக்க வேண்டும். கோபப்பட்டால் தலைமுறைக்கும் வெட்கக்கேடு.

சிரித்து முடிந்ததும் ஜொவேசா மரம் நடும் திட்டத்துக்கான படிவத்தை எடுத்தார். நிரப்புகிற வேலை கெலேராவுக்கு. கரையோர மடத்தில் கன்னியாஸ்திரீகளிடம் எட்டு வருஷம் படித்தவள். அவள் கையெழுத்தைப் பார்த்தால் மரண அறிவிப்புகூட அழைப்பிதழ் மாதிரி இருக்கும்.

"பாழ்பட்ட சரிவு எத்தனை ஏக்கர்?"

"ஒண்ணுமில்லைங்க ஐயா."

ஜொவேசா அண்ணாந்து மலையைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "மரமா இருக்கே," என்று வருத்தப்பட்டார். "மரம் வைக்க இடமே இல்லையேம்மா."

"மரம்தான் ஏற்கெனவே இருக்கே ஐயா."

"இருக்கிறது உங்க தாத்தா வச்ச மரம். செயலகம் வச்சாத்தானே பருவநிலை கேக்கும்?"

கீழே ஆற்றங்கரையில் இருக்கிற தோகா ஊர்க்காரர்கள் ஒருமுறை பன்றி சுடப்போய் தங்கள் மலையையே சுட்டுவிட்டவர்கள். அந்தச் சாதனைக்காக அவர்களுக்குத் தண்ணீர்த்தொட்டி, மரம் அறுக்கும் எந்திரம், இரண்டு வர்ணத்தில் ஒரு பலகை எல்லாம் கிடைத்திருந்தன. ஒழுங்காக இருந்த குற்றத்துக்கு நைவுசோவுக்கு ஒன்றும் கிடையாது.

"அஞ்சு ஏக்கர்னு எழுதும்மா," என்றார் அபெனிசா.

"பொய் எழுத மாட்டேன் மாமா. வாயால சொன்னா ஒரு பாவம், மையால எழுதினா ரெண்டு பாவம்னு சிஸ்டருங்க சொல்லியிருக்காங்க."

ஊர் இதை மதித்தது. அன்றிரவு யங்கோனாத் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள்: ஊரின் நேர்மையான பெண் ஒருத்தி பொய் எழுதும் நிலைக்கு ஒருபோதும் தள்ளப்படக் கூடாது. மறுநாள் காலையில் ஆண்கள் கோடாலியோடு சரிவுக்குப் போனார்கள். எந்திரத்தைத் தோகாவிடம் இரவல் வாங்கினார்கள். இலைசாதான் நிறைய அறுத்தான். பெண்டாட்டியின் மானம் சம்பந்தப்பட்ட விஷயம். மூன்றே வாரம். கெலேரா படிவத்தை எடுத்து, "பாழ்பட்ட சரிவு: ஐந்து ஏக்கர்" என்று முத்து முத்தாக எழுதினாள். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

ஆறு மாதம் கழித்து லாரியில் நாலாயிரம் நாற்று வந்து இறங்கியது. கெலேரா ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயா, இது அலையாத்தி. கடல் சேத்துல வளர்றது."

ஜொவேசா பட்டியலைப் பார்த்தார். "ஆமா, கரைக்குப் போக வேண்டியது இங்க வந்துடுச்சு. இங்க வர வேண்டிய மஹோகனி கரைக்குப் போயிருச்சு."

"அப்ப திருப்பி அனுப்பிடலாமே?"

"அவங்க மஹோகனிய கடல்ல நட்டுட்டாங்களேம்மா! ஒரு வார்த்தை கேக்கல. அந்த ஒத்துழைப்பப் பாத்து நீங்க கத்துக்கணும்."

"மலையில அலையாத்தி எதுக்கு ஐயா?"

"கடல் ஏறுதா, இல்லையா?"

"ஏறுதுன்னு சொல்றாங்க."

"ஏறினா எங்க வரும்?"

"மேல."

"மேல யாரு இருக்கா?"

"நாங்கதான்."

"கடல் வந்து கதவத் தட்டுறப்ப அலையாத்தி தயாரா இருக்க வேணாமா?"

"நாங்க அறுநூறு மீட்டர் உசரத்துல இருக்கோம். எப்ப வரும்?"

"இரண்டாம் கட்டத்தில்," என்றார் ஜொவேசா.

நட்டார்கள். செடிகள் வாடின. தலைநகரில் நிபுணர் குழு கூடி, மண்ணில் உப்புப் போதவில்லை என்று கண்டறிந்தது. வாரத்துக்கு மூன்று மூட்டை உப்பு வந்தது. ஊர்ப் பிள்ளைகள் மலையேறித் தூவினார்கள். சரிவுக்கு அடியிலிருந்த சேம்பு வயல் மஞ்சளாகிச் செத்தது. ஐந்து ஏக்கர் பாழ்நிலம் எட்டு ஏக்கர் ஆயிற்று. திட்டம் எதிர்பார்த்ததைவிட வேகமாக விரிவடைந்து வருவதாகச் செயலகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அதற்கு நன்றி தெரிவித்து அழகான கையெழுத்தில் பதில் எழுதியவள் கெலேராதான்.

பழைய மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் அழுகத் தொடங்கியது அதற்கப்புறம்தான். மழையும் பிடித்துக்கொண்டது. மலை ராத்திரியில் குடிக்க ஆரம்பித்தது.

ஏப்பம் விட்ட ராத்திரிக்கு மறுநாள் காலையில் ஜொவேசா ஆய்வுக்கு வந்தார். கெலேரா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வழிமறித்தாள்.

"ஐயா, சரிவு நகருது. வீட்டுக்குப் பின்னாடி வெடிப்புல முழங்கை போகுது. ராத்திரியெல்லாம் சத்தம். எங்க வீட்ட மேட்டுக்கு மாத்த உத்தரவு குடுங்க."

"மாத்தணும்னா இது அபாயப் பகுதியா இருக்கணும்மா."

"அபாயப் பகுதிதான்."

"எப்படி? தாங்குதிறன் பகுதின்னு பலகை வச்சிருக்கோம். தாங்குதிறன் பகுதி எப்படிச் சரியும்?"

"பலகையே சாஞ்சு கெடக்கு ஐயா."

"பலகை தனி ஒப்பந்தம்."

கெலேராவுக்குக் கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்த எட்டு வருஷமும் ஒரு நொடியில் மறந்துபோயிற்று. "உங்க மண்டையில மூளை இருக்க வேண்டிய எடத்துல நண்டு குடித்தனம் பண்ணுதுய்யா! அதுவும் வாடகை குடுக்காத நண்டு!"

ஜொவேசாவுக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. "பாத்தியா அபெனிசா? இதுதான் தௌவு! இத்தனை நாளா ஐயா, ஐயான்னு என்னை அந்நியமா வச்சிருந்தா!"

"நான் வெளையாடல! எம்புள்ள மண்ணுக்குள்ள போயிடுவான்!"

அபெனிசா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "விடாத கெலேரா, இன்னும் போடு!"

ஜொவேசா கண்ணைத் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டில் எழுதினார்: "சமூகப் பங்கேற்பு: மிகவும் உயிரோட்டமானது."

கெலேரா அங்கேயே நின்றாள். சிரித்துக்கொண்டே அவர்கள் யங்கோனா குடிக்கப் போனார்கள். ஊருக்கு மேலே, பாறை முகட்டில், செயலகம் கட்டிய நாற்று அறை தெரிந்தது. அலையாத்தி வெயிலிலும் மழையிலும் நோகாமல் இருப்பதற்காகச் சிமெண்டில் கட்டி இரும்புக் கதவு போட்ட அறை. மனிதர்கள் உள்ளே போகக் கூடாது என்று எழுதியிருந்தது. நைவுசோவில் சரிய முடியாத ஒரே கட்டடம் அதுதான். அதில் இருநூற்றுப் பன்னிரண்டு செடிகள் சுகமாகக் குடியிருந்தன.

நான் திட்டினால் அவருக்குக் கோபம் வராது, சரி. நான் எடுத்துக்கொண்டால்?

மத்தியானத்துக்குள் பாய், பானை, விளக்கு, பிள்ளை எல்லாம் முகட்டுக்குப் போய்விட்டன. செடிகள் இரண்டிரண்டாக வெளியே வந்தன. சேதி கேட்டு ஜொவேசா மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"இது செயலகத்தோட உடைமை!"

"ஆமா. அதான் எடுத்துக்கிட்டேன். தௌவு."

"செடியெல்லாம் மழையில நனையுதும்மா!"

"நனையட்டும். கடல் வந்தா நனையத்தானே போகுது?"

பின்னாலேயே வந்த ஊர்க்காரர்கள் ஜொவேசாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் அவர் காது சிவந்தது. அப்புறம் மீசை துடித்தது. பிறகு, வேறு வழியில்லாமல், "ஹா," என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு "ஹா." முறைப்படி சிரித்து முடித்துவிட்டு மழையில் இறங்கிப் போனார். இலைசா மட்டும் கீழேயே இருந்துகொண்டான்: "பலகை வச்ச எடம் சரியாதுன்னு அதிகாரியே சொல்லிட்டாரு. நீ வேணா செடி வீட்டுல இரு."

சாயங்காலம் ஏழே காலுக்குச் சரிவு புறப்பட்டது. முதலில் பலகை போயிற்று. அடுத்து ஐந்து ஏக்கர், அதைத் தொடர்ந்து விரிவடைந்த மூன்று ஏக்கர், மிச்சமிருந்த உப்பு மூட்டைகள், கெலேராவின் வீடு. எல்லாம் ஒரு ஊர்வலத்தின் ஒழுங்கோடு ஆற்றை நோக்கி இறங்கின. கெலேரா பிள்ளையை இறுக்கிக்கொண்டு வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். வீடு போவதற்கு ஒரு நொடி முன்னால் வெளியே பாய்ந்து, சேற்றில் குளித்து, இலைசா மேலே வந்து சேர்ந்தான். கையில் மரம் அறுக்கும் எந்திரம்.

"இதையாய்யா காப்பாத்துன?"

"இரவல் பொருளாச்சேடி!"

அவள் அவனை அடித்தாள். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவனுக்குப் பின்னால் ஊரே ஏறி வந்தது. நாற்பத்துமூன்று பேர். ஊரைவிட்டுப் போகிற பாதையும் சரிவோடு போய்விட்டதால் ஜொவேசாவும் வந்தார். கெலேரா எல்லாரையும் உள்ளே விட்டாள். அறையில் காலை நீட்ட இடமில்லை. ஜொவேசா ஒரு மூலையில் குந்தி விளக்கு வெளிச்சத்தில் எழுதினார்: "திட்டத்தின் பயன்கள் கீழ்நிலப் பகுதிகளுக்கும் கொண்டு சேர்க்கப்பட்டன." எழுதியதைப் படித்துப் பார்த்தவர், பேனாவை மூடிவிட்டார்.

"இத்தனை பேர் இருக்கோம். ஒரு குழு வேணும்," என்றார் அபெனிசா. ஐந்து நிமிஷத்தில் தங்குவோர் நலக் குழு அமைந்தது. முதலில் குடிவந்தவள் என்ற தகுதியில் கெலேரா தலைவி. யார் எந்தப் பக்கம் ஒருக்களிப்பது, யார் கால் யார்மேல் படலாம் என்று விதிகள் வந்தன. அவள் அவற்றை நாற்றுப் பட்டியலின் பின்பக்கம் முத்து முத்தாக எழுதினாள்.

அப்போது கதவை யாரோ தட்டினார்கள். கெலேரா ஒரு சாண் திறந்தாள்.

"அக்கா, நாங்க தோகாக்காரங்க. உங்க மலை எங்க ஆத்துல வந்து உக்காந்திருச்சு. வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. பாறையப் பிடிச்சு ஏறி வந்தோம். உள்ள விடுங்க."

"எத்தனை பேரு?"

"பதினோரு பேரு. ஒரு கைக்குழந்தை."

கெலேரா திரும்பிக் குழுவைப் பார்த்தாள்.

"இவங்களுக்குத்தான் தண்ணித்தொட்டி குடுத்தாங்களே," என்றார் அபெனிசா.

"மூச்சு விட எடமில்ல," என்றது ஒரு குரல். "மொதல்ல அவங்க மனு குடுக்கட்டும்," என்றது இன்னொன்று.

மூலையிலிருந்து ஜொவேசா எழுந்து நின்றார். "தொறந்து விடுங்கய்யா. பச்சப்புள்ள நனையுது. நான் நிக்கிறேன், என் எடத்த குடுங்க."

அறையே குலுங்கிச் சிரித்தது. அபெனிசாவுக்குப் புரையேறிவிட்டது. "கருவாடு இன்னிக்கு என்னமா போடுது பாரு! தௌவுன்னா இப்படி இருக்கணும்!"

"நெசமாத்தான்யா சொல்றேன்," என்றார் ஜொவேசா. சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. இலைசா கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கெலேரா மட்டும் சிரிக்கவில்லை. தோளில் தொமாசி காய்ந்த துணியில் சூடாகத் தூங்கிக்கொண்டிருந்தான். கதவு இன்னும் ஒரு அடி திறந்தால் சாரல் அவன்மேல் படும். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, மடத்தில் வாசகம் படிக்கிற தெளிவான குரலில் சொன்னாள்:

"இது நைவுசோ பயனாளிகளுக்கான அறை. உங்க பேர் பட்டியல்ல இல்ல. காலையில ரெண்டு பேர் மட்டும் மனுவோட வாங்க."

கதவைச் சாத்தினாள். நைவுசோவில் எந்த வீட்டுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. எந்தப் பக்கம் தள்ளுவது என்று அவள் விரல்களுக்குத் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் தள்ளினாள்.