ஆறு பேருக்கு மட்டும் தெரிந்த எண்

அம்சத்தின் செல்போன் அன்று காலை அம்சத்தை நம்ப மறுத்தது.

“தவறான கடவுச்சொல். இன்னும் ஏழு முயற்சிகள்” என்றது திரை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தஞ்சாவூரில் ஒரு ஓட்டல் மாடியில் மனித உரிமை ஆர்வலர்களுக்கு டிஜிட்டல் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. சென்னையிலிருந்து வந்த கவிப்ரியா என்ற பெண் தெளிவாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். பிறந்த தேதியையும் பிள்ளை பேரையும் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு வார்த்தைகளைக் கோத்துக்கொள்ளுங்கள் என்றாள். அம்சமும் கோத்துக்கொண்டாள். நண்டு, மின்விசிறி, வேளாங்கண்ணி, வத்தக்குழம்பு. திங்கட்கிழமை விடிந்தபோது வார்த்தைகள் நாலும் நினைவில் இருந்தன. வரிசைதான் போய்விட்டது.

“நண்டுதான் முதல்ல” என்றான் பரிதி. அவள் புருஷன், நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தைக்கிறவன்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நேத்து பூரா நண்டு நண்டுன்னு மனப்பாடம் பண்ணியே. தெருவுக்கே தெரியும்.”

நண்டை முன்னால் போட்டாள். இல்லை. மின்விசிறியைப் போட்டாள். இல்லை. அப்புறம்தான் இன்னொரு சந்தேகம் வந்தது. குழம்பில் வருகிற ‘ழ’வை இங்கிலீஷில் எப்படி எழுதினோம்?

பத்தாவது முயற்சியோடு போன் ஒரு தரம் அதிர்ந்து, கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி பளிச்சென்று ஆகிவிட்டது. பத்து முறை தவறினால் எல்லாவற்றையும் அழித்துவிடு என்ற வசதியை, பயிற்சியில் முதல் ஆளாகக் கை தூக்கிப் போட்டுக்கொண்டவள் அவள்தான். பதினெட்டு வருஷத்தில் சேர்ந்த ஆயிரத்து நூறு நம்பர்கள், காயங்களின் படங்கள், மனுக்களின் நகல்கள், எல்லாம் போயின. நகல் எடுத்துத் தனியாகப் பூட்டி வைத்திருந்தாள். அந்தப் பூட்டுக்கும் அதே நாலு வார்த்தை.

அவளுடைய பயம் ஒன்றும் கற்பனையில்லை. போன மாதம் ஒரு காலனிக்காரர்களுக்குச் சுடுகாட்டுப் பாதையை மறித்த விவகாரத்தில் அவள் எழுதிய அறிக்கை, கலெக்டர் ஆபீசுக்குப் போகும் முன்பே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. “ரெண்டாம் பக்கத்துல ஒரு எழுத்துப்பிழை இருக்கும்மா, திருத்திடுங்க” என்று ஒரு எஸ்.ஐ. அவளிடமே சொன்னார். அன்றிலிருந்து அவளுக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

பரிதியின் போனிலிருந்து மதிவாணனைக் கூப்பிட்டாள். பட்டுக்கோட்டை வக்கீல். பயிற்சிக்கு அவரும் வந்திருந்தார்.

“நீங்க அம்சம்தான்னு நான் எப்படி நம்புறது?” என்றார் அவர்.

“குரல் தெரியலையா சார்?”

“குரலை இப்பல்லாம் கம்ப்யூட்டரே பேசுது. நமக்குள்ள ஒரு கேள்வி பேசி வச்சோமே, அதுக்குப் பதில் சொல்லுங்க.”

“சரி, கேளுங்க.”

“கேள்வியையும் நீங்களே சொல்லிடுங்க. நான் போன்ல எழுதி வச்சது ஒரு மணி நேரத்துல தானா மறைஞ்சிடுச்சு.”

அம்சத்துக்குக் கோபம் வந்தது. “ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கப்புறம் குறட்டை விட்டீங்க. உங்க தூக்கம் கலையக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு மைக்கை ஆஃப் பண்ணிட்டு நின்னுச்சு. போதுமா?”

“போதும், நீங்கதான்” என்றார் மதிவாணன். பிறகு யோசனை சொன்னார். “போனது போச்சு. இதோட நம்பரையும் மாத்திடுங்க. பழைய நம்பர் ஊருக்கே தெரியும், ஸ்டேஷன் சுவத்துல கூட இருக்கும். புதுசை ஒரு ஆறு பேருக்கு மட்டும் குடுங்க. தெரியாத நம்பர் கூப்பிட்டா மணியே அடிக்காத மாதிரி போட்டுக்குங்க.”

ஊருக்கே தெரியும் என்பது உண்மைதான். திருவிடைமருதூரைச் சுற்றி எத்தனையோ காலனிகளில் அந்த எண் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்தது. காலண்டர் அட்டையில், கதவின் உள்பக்கத்தில், நூறு நாள் வேலை அட்டையின் முதுகில் எழுதியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பத்து இலக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். யாரையாவது போலீஸ் ஜீப்பில் ஏற்றினால் அடுத்த கால் மணியில் அம்சத்துக்குப் போன் வரும். அவள் உடனே ஸ்டேஷனுக்குப் போன் போட்டுத் தன் பேரைச் சொல்வாள், பையன் பேரைச் சொல்வாள், எத்தனை மணிக்கு மாஜிஸ்டிரேட்டிடம் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்பாள். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியில் அடி நின்றுவிடும். நிற்காவிட்டாலும் குறையும்.

பழைய சிம்மைப் பாக்குவெட்டியில் வைத்து இரண்டாக நறுக்கினாள். புதிய சிம் பரிதியின் பேரில் வந்தது.

வீட்டில் அமைதி குடிவந்தது. செவ்வாய்க்கிழமை முழுக்க மணி அடிக்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாகப் பகலில் தூங்கினாள்.

“என்ன, போன் அடிக்கவே மாட்டேங்குது? கெட்டுப்போச்சா?” என்றான் பரிதி.

“இதுக்குப் பேருதான் பாதுகாப்பு.”

புதன்கிழமை, ஆறு பேரில் ஒருத்தியான சபிஹா ஏதோ செய்தி அனுப்பினாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி தானாக அழியும் செய்தி. அம்சம் படிப்பதற்குள் அது மறைந்தது. ‘என்ன அனுப்பினாய்?’ என்று அம்சம் கேட்டது, சபிஹா பார்ப்பதற்குள் மறைந்தது. அன்று முழுவதும் இருவரும் ஒருவருக்கொருவர் மறைந்துகொண்டே இருந்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் போனைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரியாத ஒரே நம்பரிலிருந்து இருபத்து மூன்று அழைப்புகள். மணி அடிக்காததால் ஒன்றுகூடக் காதில் விழவில்லை.

மதிவாணனைக் கூப்பிட்டாள். “சார், கண்டுபிடிச்சுட்டானுங்க.”

“எடுத்துடாதீங்க! அப்படியே பிளாக் பண்ணுங்க.”

பிளாக் செய்தாள். உள்ளே ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. இருபத்து மூன்று தரம் முயன்றவர்களைத் தனியாளாக நின்று தோற்கடித்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இராஜாங்கம் வந்து வாசலில் நின்றார். மேற்கே இரண்டு பஸ் மாறிப் போகும் ஒரு ஊரில் நடவு, அறுப்பு வேலைக்குப் போகிறவர். அவர் ஊரில் கூலித் தகராறு வந்தபோது அம்சம் போய் நின்றிருக்கிறாள். இராஜாங்கத்தின் கண்கள் தூங்காமல் சிவந்திருந்தன.

“அன்பரசனைக் கொண்டுபோயிட்டாங்கம்மா” என்றார். அன்பரசன் அவர் மகன். இருபது வயசு. “செவ்வாக்கிழமை காலையில. மோட்டார் கொட்டகையில வயர் திருடிட்டானாம்.”

“இன்னிக்கு வெள்ளி!” அம்சம் எழுந்துவிட்டாள். “இப்ப எங்க இருக்கான்?”

“நேத்து சாயங்காலம் ஜெயிலுக்கு அனுப்பிட்டாங்க. மூணு கேஸ்ல கையெழுத்து வாங்கிட்டாங்க. இடது கையில மாவுக்கட்டு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டானாம்.” தன் இடது முழங்கையைத் தொட்டுக் காட்டினார். “வலது கைய ஒண்ணும் செய்யலம்மா. கையெழுத்து போடணும்ல.”

பரிதி தண்ணீர்ச் சொம்பை அவரிடம் நீட்டினான்.

“எனக்கு ஏன் உடனே சொல்லலை?” அம்சம் கேட்டாள். “நேர்லயாவது வந்திருக்கலாமே?”

“ஜீப் தெரு முனை திரும்புறதுக்குள்ள போட்டேன். சுவிட்ச் ஆஃப்னுச்சு. ரெண்டு நாளும் போட்டுக்கிட்டேதான் இருந்தேன். ஸ்டேஷன் வாசலை விட்டு எப்படி வர்றது? உள்ள அவன் கத்துறது கேட்குது.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எங்க தப்புதாம்மா. பழைய நம்பரையே போட்டுக்கிட்டு இருந்துட்டோம். நேத்துதான் புதுசு கிடைச்சுது. அதுலயும் நீங்க எடுக்கல, வேலையா இருந்தீங்க போல.”

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். அவளுடைய புதிய எண் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது.

அம்சம் சீட்டை வாங்கிக்கொண்டாள். ஆறு பேர். மதிவாணனா? சபிஹாவா? மற்ற நாலு பேரில் யார் வாயை விட்டது?

“இது யாரு குடுத்தா?”

“எங்க ஸ்டேஷன் ஏட்டையாதாம்மா” என்றார் இராஜாங்கம். “‘அந்தம்மா நம்பர் மாத்தி மூணு நாளாச்சே, உங்ககிட்டல்லாம் சொல்லலையா?’ன்னு அவரே பாவப்பட்டு எழுதிக் குடுத்தாரு.”