ரோட்டோரப் பச்சை

மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று சாலை ஆய்வாளர் முத்துவீரன் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், பாலம்மாள் ஓர் ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து அவருடைய மொபெட்டை மறித்தாள்.

"இந்தா பாருங்க, வாயில நொரை தள்ளுது. ரோட்டோரத்துல என்னத்தத் தெளிச்சீக?"

"களைக்கொல்லி ஆத்தா. களையை மட்டுந்தான் கொல்லும்."

"அது களைன்னு ஆட்டுக்கு யாரு சொல்றது? எரைன்னுல்ல நெனைக்கும்!"

முத்துவீரன் ஆட்டை மொபெட்டில் வைத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

எண்பத்தேழாம் வருஷம். மழை பொய்த்து, கண்மாய்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. இடையில் ஒரு சாயங்காலம் மட்டும் மழை என்று பெயருக்கு ஒன்று கொட்டிவிட்டுப் போனது. அதில் வயலுக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு வரை ரோட்டின் இரண்டு ஓரமும் களை முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று வளர்ந்துவிட்டது.

அப்போதுதான் பொறியாளர் போனில் கூப்பிட்டார்.

"மேலிடத்துலேருந்து ஒரு குழு வருதுய்யா. ரோட்டோரத்துல ஒரு களை இருக்கக் கூடாது."

"கேங் ஆளுகளை வச்சு வெட்டிரலாம் சார்."

"வெட்டுனா திரும்பத் துளிர்க்கும். கருகணும். மருந்து அனுப்பறேன், அடி. ஏன் எதுக்குன்னு யாருகிட்டயும் பேசிக்கிட்டிருக்காதே."

முத்துவீரன் யாரிடமும் பேசவில்லை. பொறியாளரிடமும் கேட்கவில்லை. கேள்வி கேட்காமலிருந்தே பதவி உயர்வு வாங்கியவர் அவர். ராஜபாளையத்துப் பருத்திக்காட்டுக்காரர்களிடம் ஸ்பிரேயர்களை இரவல் வாங்கி, கேங் மேஸ்திரி பால்சாமியை வைத்து அடித்துத் தீர்த்துவிட்டார். களைகள் வரிசையாகக் கருகின.

பாலம்மாளின் ஆடு கால்நடை ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டது. முத்துவீரனுக்குத்தான் உயிர் போய் வந்தது.

"பால்சாமி, ஒரு போர்டு எழுதி நடுய்யா. ஆடு மாடு வாயை வைக்கக் கூடாது."

பால்சாமி எழுதினார்: 'எச்சரிக்கை! இங்கே விஷம் உள்ளது.' ஆட்கள் கூடுகிற இடமாக இருந்தால்தானே நாலு பேர் படிப்பார்கள் என்று, ஹமீதின் டீக்கடை வாசலில் நட்டார்.

மறுநாள் காலை ஹமீது, ஆறிப்போன பால் சட்டியோடு முத்துவீரன் வீட்டு வாசலில் நின்றார்.

"சார், எங்க வாப்பா காலத்துலேருந்து கடை நடத்துறோம். எங்க டீயை எவனும் இப்படிச் சொன்னதில்ல."

"அது செடிக்கு வச்ச போர்டு பாய்."

"செடியா சார் வந்து படிக்கிது? கண்டக்டரு பஸ்ஸை நிப்பாட்ட மாட்டேங்கான். எறங்குறவியளும் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுதாக."

முத்துவீரன் உடனே நடவடிக்கை எடுத்தார். 'விஷம்' என்ற சொல்லை அழித்துவிட்டு 'மருந்து' என்று எழுதச் சொன்னார். நிர்வாகத்தில் பாதிப் பிரச்சினைகள் இப்படித்தான் தீருகின்றன.

'இங்கே மருந்து உள்ளது' என்று போர்டு மாறியதும், ஊர்க்காரர்கள் பாட்டிலோடு வந்து வரிசையில் நின்றார்கள். அரசாங்கம் பூச்சி மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது என்று செய்தி பரவியிருந்தது. பால்சாமி எல்லோரையும் விரட்டினார், ஒருவரைத் தவிர. அவர் உக்கிரபாண்டி. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். விறைப்பாக வந்து நின்று பாட்டிலை நீட்டியபோது, பால்சாமியின் கை தானாக ஊற்றிவிட்டது.

ஊரிலேயே அவர் கிணற்றில்தான் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அதை இறைத்து, ரோட்டோரத்தில் ஓர் அவரைப் பந்தல் போட்டிருந்தார். அந்த வட்டாரத்தில் மனிதன் வளர்த்த பச்சை அது ஒன்றுதான். அதில் அசுவினிப் பூச்சி விழுந்திருந்தது. மருந்தை அடித்தார். அசுவினிக்கு என்ன ஆயிற்றோ தெரியாது, பந்தல் சுருண்டு கருகிவிட்டது.

செய்தி கேட்டு முத்துவீரன் அரைக் கிலோ பால்கோவாவோடு ஓடினார்.

"எனக்குச் சர்க்கரை வியாதி," என்றார் உக்கிரபாண்டி. "பந்தலைத்தான் கொன்னீக. என்னையும் கொல்ல வந்தீகளாக்கும்?"

"தெரியாம நடந்துபோச்சு அண்ணாச்சி. மன்னிச்சுக்கோங்க."

"மன்னிப்பெல்லாம் பொறவு. பெரியவிய யாரோ வாராகளாம்ல? அன்னைக்கு நான் நடுரோட்டுல படுப்பேன். என்னோட ஊரே படுக்கும். பாலம்மா ஆட்டோட வந்து படுப்பா."

"ஐயோ, என் வேலை போயிரும் அண்ணாச்சி! என்ன செய்யணும், சொல்லுங்க."

"எல்லாத்தையும் எப்படி அழிச்சீகளோ அப்படியே திரும்ப வைங்க. நான் கண்ணைத் தூக்கிப் பாத்தா பச்சை தெரியணும்."

முத்துவீரன் பொறியாளருக்குப் போன் போட்டார். குழுவை வரவேற்க அவர் மதுரைக்குப் போய்விட்டார் என்றார்கள் ஆபீஸில். மொபெட்டில் ரோடு முழுக்க ஒரு தடவை போய்ப் பார்த்தார். இரண்டு பக்கமும் சுடுகாட்டுக்குப் போகிற வழி மாதிரி கருகிக் கிடந்தது. இதைப் பார்த்தால் மேலிடம் என்ன நினைக்கும்? களையை எடுக்கச் சொன்னால் ஊரையே கொளுத்தி வைத்திருக்கிறான் என்றுதானே? இருபது வருஷ சர்வீஸில் முதல் தடவையாக, யாரும் சொல்லாமல் ஒரு காரியத்தைத் தானே செய்வது என்று முடிவெடுத்தார்.

தெரிந்தவர்களையெல்லாம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். பிளவக்கல் அணைப் பக்கத்திலிருந்து புல் பத்தைகள் லாரியில் வந்து இறங்கின. குலை தள்ளிய வாழைகள் வந்தன. வேப்பங்கன்று, புங்கங்கன்று, தென்னங்கன்று என்று கிடைத்ததையெல்லாம் நட்டார்கள். வேரோடு கன்று கிடைக்காத இடத்தில் கொப்புகளை வெட்டி வந்து குத்தி வைத்தார்கள். கருகின பந்தலை மறைத்துப் பால்சாமி ஒரு வாழைத்தோப்பே எழுப்பிவிட்டார். அத்தனைக்கும் டேங்கர் லாரி தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனது.

காலிக்குடத்தோடு பெண்கள் லாரிக்குப் பின்னால் ஓடினார்கள்.

"ரோட்டுக்கு ஊத்துறீகளே, எங்க கொடத்துக்குச் செத்த ஊத்துங்கய்யா!"

"பெரியவிய வந்துட்டுப் போகட்டும்மா. பொறவு ஊத்துவாக," என்றார் முத்துவீரன். சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அதனால் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் புல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

குழு வருகிற அன்று ரோடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. உக்கிரபாண்டி மேலும் கீழும் நடந்து அணிவகுப்பைப் பார்வையிடுவது போல வாழைகளைப் பார்வையிட்டார்.

"சரி, படுக்கலை," என்றார்.

கார்கள் வந்தன. யாரும் கீழே இறங்கவில்லை. டீக்கடை முன்னால் மட்டும் முதல் காரின் கண்ணாடி பாதி இறங்கியது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் வாழைகளையும் புல்லையும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வெரி குட், வெரி குட்!"

முத்துவீரன் உடம்பெல்லாம் புல்லரித்துப்போய் சல்யூட் அடித்தார். அதே காரின் பின்சீட்டில் இருந்த பொறியாளரும் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார். பதில் சல்யூட் வைக்கிறார் என்று முத்துவீரன் நினைத்துக்கொண்டார். கை நெற்றியைவிட்டுக் கீழே இறங்கவே இல்லை. பெருமையில் வார்த்தை வரவில்லை போலிருக்கிறது என்றும் நினைத்துக்கொண்டார். கண்ணாடி ஏறியது. கார்கள் போய்விட்டன.

ஹமீது எல்லோருக்கும் ஓசி டீ போட்டார். பாலம்மாளின் ஆடு புதுப் புல்லை மேய்ந்தது. தன்னுடைய வாழ்க்கையிலேயே நல்ல நாள் இதுதான் என்று முத்துவீரனுக்குத் தோன்றியது.

கார்களுக்குப் பின்னாலேயே வத்திராயிருப்பு வரை போயிருந்த பொறியாளரின் ஜீப் காலியாகத் திரும்பி வந்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நின்றது. டிரைவர் செல்லக்கனி இறங்கி, இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெரியவியளுக்கு ரொம்பத் திருப்தியோ?" என்று முத்துவீரன் இளித்துக்கொண்டே கேட்டார்.

செல்லக்கனி மூடியைத் திறந்தபடியே சொன்னார்:

"அவியளுக்கு என்ன சார், 'இங்க எங்க இருக்கு வறட்சி, நிவாரணமே தேவையில்லை'ன்னு சந்தோஷமாத் திரும்பி டெல்லிக்குப் போறாக. இந்தப் பச்சை அவிய கண்ணுல பட்டுறக் கூடாதுன்னுதானே எங்க சார் ஒங்களுக்கு மருந்தே அனுப்பிச்சாரு!"