கிளாம்ப் சாரும் பீரோ மேல் இருந்த கேடயமும்

"பூமியே புரண்டு படுத்தாலும் சரி, என் வீட்டுல ஒரு ஸ்பூன்கூடப் புரளாது!"

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், டீ வருவதற்குச் சற்று முன்பு, மைக்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இப்படி முழங்கியவரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். மனித குலத்தில் 'ஆட்டிப் பார்ப்பவர்' என்று ஓர் இனம் உண்டு. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் மற்ற விருந்தாளிகள் உட்கார நாற்காலி தேடுவார்கள். இவர், தலையில் விழ எது தயாராக இருக்கிறது என்று தேடுவார்.

நம்மவர் குடிநீர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். பூகம்பப் பாதுகாப்புப் பயிற்சிக்கு யாராவது ஒருவரை அனுப்பியாக வேண்டும் என்று மேலிடம் சொன்னபோது, அன்றைக்கு லீவில் இருந்த குற்றத்துக்காக இவர் அனுப்பப்பட்டார். போனவர் மனிதராகப் போனார். திரும்பியவர், அலமாரியைச் சுவரோடு பிணைக்கும் இரும்புக் கிளாம்புகள் பை நிறையத் திரும்பினார். அன்று முதல் அவர் கிளாம்ப் சார். நேரில் 'சார்' மட்டும்.

காபி குடிக்கத்தான் கூப்பிட்டிருப்பீர்கள். அவரோ செருப்பைக் கழற்றும்போதே வாசல் வழியை அடைத்து நிற்கும் சைக்கிளைப் பார்த்து உச்சுக் கொட்டி, ஹாலில் டிவியைத் தொட்டு, புத்தக அலமாரியைத் தோளால் இடித்து, சமையலறைக்குள் புகுந்து சிலிண்டரின் கழுத்தைப் பிடித்து உலுக்கி, பரணில் இருக்கும் அண்டாவை அண்ணாந்து பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, கடைசியில் படுக்கையறை வாசலில் வந்து நிற்பார். அங்கேதான் விசாரணை.

"அந்தப் பெரிய கண்ணாடிக்குக் கீழ யார் படுக்கறது?"

"என் மாமியார் சார்."

"கண்ணாடி முதல்ல வந்துதா, அவங்க முதல்ல வந்தாங்களா?"

"அவங்கதான்..."

"அப்போ தெரிஞ்சேதான் மாட்டியிருக்கீங்க!"

மாமியார் அடுத்த அறையில் இருப்பார். காது நன்றாகக் கேட்கும். அந்த வீட்டில் அன்று மாலை வந்த அதிர்வுக்கு எந்தக் கருவியிலும் அளவு கிடையாது.

சும்மா சொல்லக்கூடாது, ஆள் வேலைக்காரர். அலுவலகத்தில் டைப்பிஸ்ட் அம்மாவின் தலைக்கு நேர் மேலே மூட்டை மூட்டையாகக் கிடந்த பழைய ஃபைல்களை இறக்க வைத்தார். அலமாரிகளையெல்லாம் சுவரோடு கிளாம்ப் போட்டுக் கட்டினார். "ஓடக்கூடாது! மேஜைக்கு அடியில போங்க, காலைப் பிடிச்சுக்கோங்க. என் காலை இல்லம்மா, மேஜைக் காலை!" என்று எல்லாரையும் குனிய வைத்தார். சிரித்தார்கள். பிறகு ஒருநாள் மதியம் நிஜமாகவே தரை லேசாக ஆடியது. எதிர்க் கட்டடத்தில் அலமாரிகள் கவிழ்ந்து மூன்று பேருக்கு மண்டையில் தையல். இங்கே ஒரு பேனா உருண்டதோடு சரி. யாரும் சிரிக்கவில்லை. விழா எடுத்துக் கேடயம் கொடுத்தார்கள்.

வந்தது வினை.

கேடயம் என்றால் ஏதோ தகரம் என்று நினைக்காதீர்கள். பளிங்குப் பீடம், அதன்மேல் ஆளுயரப் பெருமையோடு ஒரு பித்தளைத் தகடு. இரண்டு கையால் தூக்கினாலும் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஹாலில் உயரமான இடத்தில் எதுவும் இருக்கக்கூடாது என்று அவரே சட்டம் போட்டிருந்தார். கீழே வைக்கலாம்தான், கீழே வைத்தால் யார் பார்ப்பது? ஆகவே கேடயம் படுக்கையறை பீரோவின் தலையில் ஏறியது. அதோடு விட்டாரா? ஹால் சோபாவில் உட்காருபவர்களுக்குத் திறந்த கதவு வழியே தகடு பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக, வாரம் ஒரு விரல்கடை வீதம் அதை விளிம்புக்கு நகர்த்திக்கொண்டே வந்தார்.

பீரோவுக்குக் கிளாம்ப்? ஊரில் உள்ள பீரோக்களுக்கெல்லாம் போட்டதில் தீர்ந்துவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் மகளிடமிருந்து ஃபோன். கைக்குழந்தையோடு ஒரு மாதம் வந்து இருப்பதாக ஏற்பாடு. தாத்தா இன்னும் பேத்தியைக் கையில் வாங்கியதில்லை. ஃபோன் திரையில் கொஞ்சியதோடு சரி.

"அப்பா, தொட்டில் எங்க போடப் போறீங்க?"

"எங்க ரூம்லதாம்மா, பீரோ பக்கத்துல. காத்து நல்லா வரும்."

"அந்தக் கேடயம் இன்னும் மேலதானே இருக்கு? அதை இறக்குங்க. இறக்கின அப்புறம் டிக்கெட் போடறேன்."

"அட, அது மலை மாதிரிம்மா. அசையாது."

"அப்படித்தானேப்பா எல்லாரும் உங்ககிட்ட சொல்றாங்க?"

மனைவி பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "ஊர்ல ஒரு பீரோ பாக்கியில்லாம ஆட்டிப் பாத்தாச்சு. இதையும் ஒரு தடவ ஆட்டிப் பாருங்களேன்."

"இது நம்ம பீரோடி!"

இந்த ஒரு வாக்கியத்தில் அந்த இனத்தின் சாஸ்திரம் முழுவதும் அடக்கம். அடுத்தவர் பீரோ விழும். நம்ம பீரோ நிற்கும். ஏன்? நம்முடையது என்பதால். பூகம்பம் வருவதற்கு முன் விலாசம் விசாரித்துவிட்டுத்தானே வரும்?

ஒரு வாரம் அவரும் அசையவில்லை, கேடயமும் அசையவில்லை, மகளும் டிக்கெட் போடவில்லை. பேத்தி ஃபோன் திரையில் கவிழ்ந்து படுக்கக் கற்றுக்கொண்டாள். தாத்தா இங்கிருந்து கை தட்டினார். அன்று பிற்பகல், மனைவி மாடியில் துணி எடுக்கப் போன நேரம் பார்த்து, அவர் படுக்கையறைக் கதவைத் திருடனைப் போலச் சாத்தினார். பீரோ முன்னால் நின்றார். மற்ற வீடுகளில் இரண்டு கையாலும் உலுக்குவாரே, அப்படியெல்லாம் இல்லை. இரண்டு விரல் வைத்தார். குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போல, மெல்ல.

கேடயம் ஒரு கணம் யோசித்தது. பிறகு பளிங்கு முன்னாலும் பித்தளை பின்னாலுமாக இறங்கி, தொட்டில் போடுவதற்காகக் காலி செய்து வைத்திருந்த இடத்தில் தரை டைலைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தது.

மாடிப்படியிலிருந்து மனைவியின் குரல்: "என்னங்க சத்தம்? பூகம்பமா?"

அவர் அந்தப் பிளந்த டைலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல... லாரி போகுது."

அன்று சாயங்காலம் அவர் வீட்டிலிருந்து டிரில்லிங் மெஷின் சத்தம் கேட்டது. பிளந்த இடத்தின் மேல் ஒரு கால்மிதி வந்தது. மகளுக்கு ஃபோன் போயிற்று: "வாம்மா." காரணம் அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சிரித்தீர்களா? நல்லது. இப்போது இதைப் படித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்த இடத்திலிருந்து கொஞ்சம் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். என்ன இருக்கிறது? அதை அங்கே வைத்தது யார்?

"அதெல்லாம் அசையாது சார்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டதல்லவா? சற்றுத் தள்ளி உட்காருங்கள்.