இன்றைக்குப் புதிதாக எத்தனை பேர்

ஏரிக்கரையில் பறவை எண்ணுபவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தொப்பி போட்டிருப்பார்கள், விடிவதற்கு முன் எழுவார்கள், பறவையைப் பார்த்துவிட்டுத்தான் எண்ணுவார்கள். நான் சொல்லவரும் இனம் வேறு. இதுவும் விடிவதற்கு முன் எழும். எண்ணும். ஆனால் எதையும் பார்க்காது.

இதற்குப் புதுமுகவரிக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

பிளாக்செயின் என்பதை, எல்லாரும் பிரித்துப் பார்க்கக்கூடிய ஒரு பெரிய பதிவேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் யாருக்கு என்ன அனுப்பினார் என்று அதில் வரிவரியாக ஏறிக்கொண்டே இருக்கும். பெயர் இருக்காது, முகவரி மட்டும் இருக்கும். முகவரி என்றால் தெருவும் கதவு எண்ணும் அல்ல, நாற்பது எழுத்துக் குளறுபடி ஒன்று. அதைப் பெற ஆதார் வேண்டாம். பெங்களூரில் வீடு தேடும்போது கேட்பார்களே, கல்யாணம் ஆயிற்றா, கறி சமைப்பீர்களா என்று, அதுவும் கிடையாது. பொத்தானை அழுத்தினால் ஒரு முகவரி. இன்னொரு முறை அழுத்தினால் இன்னொன்று. ஒரே ஆள் ஆயிரம் வைத்துக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. பதிவேட்டில் ஒரு முகவரி முதன்முதலாகத் தலைகாட்டும் நாளில் அது புது முகவரி. அன்றன்றைக்கு எத்தனை புது முகவரிகள் வந்தன என்று எண்ணி, கோடு கிழித்து, கோடு மேலே போனால் உலகம் நம்மை நோக்கி வருகிறது என்று அறிவிப்பதே புதுமுகவரிக்காரரின் தொழில்.

முகவரி வேறு, ஆள் வேறு என்பது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், எறும்பு படிக்கிற அளவு எழுத்தில் அவரே அப்படி எழுதுவார். முதல் பக்கத்தில், எருமை படிக்கிற அளவு எழுத்தில், 'ஒரே நாளில் நாற்பத்தோராயிரம் புதிய மனிதர்கள்' என்று போட்டிருப்பார்.

எனக்குக் கிடைத்த மாதிரியின் பெயர் ஹரிஷ். வாணியம்பாடிக்காரர், வயது முப்பத்திரண்டு. பெங்களூர் தொம்மலூரில் லட்சுமம்மா என்பவருடைய கட்டடத்தில், இரண்டாவது மாடியில் குடியிருக்கிறார். அவர் வேலை பார்க்கும் பிளாக்செயின் கம்பெனியின் அலுவலகம் நடந்துபோகும் தூரம். காலையில் பல் துலக்குவதற்கு முன் கோட்டைப் பார்ப்பார். பல் துலக்கும்போதும் பார்ப்பார், இடைப்பட்ட நேரத்தில் யாராவது வந்திருக்கலாம் இல்லையா? எண்ணிக்கை ஏறியிருந்தால், "நம்பரைப் பாருங்க" என்பார். இறங்கியிருந்தால், "நம்பரைப் பாக்காதீங்க, ட்ரெண்டைப் பாருங்க" என்பார். கெட்ட நாளை ஏழு நாள் சராசரியால் போர்த்துவார். கால் வெளியே தெரிந்தால் முப்பது நாள் சராசரி. அதற்கும் தெரிந்தால் ஒரு வருடச் சராசரி. அந்தப் போர்வைக்குள் ஒரு ஊரையே மூடலாம்.

சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போனவர், யார் யார் வந்தார்கள் என்று கேட்கவில்லை. மொய் எழுதிய நோட்டை வாங்கிப் புரட்டி, போன கல்யாணத்து நோட்டில் இல்லாத பெயர்கள் எத்தனை என்று எண்ணினார். எழுபத்திரண்டு. "சித்தப்பா, செம க்ரோத்" என்றார். சித்தப்பா அவருக்கு இன்னொரு லட்டு கொடுத்து உட்கார வைத்தார்.

இப்படிப்பட்டவர் சும்மா இருப்பாரா? ஒரு ஞாயிற்றுக்கிழமை லட்சுமம்மாவின் போனில் தங்கள் ஆப்பை ஏற்றிவிட்டார்.

"ஆன்ட்டி, ஒரு சின்னக் காசு அனுப்புறேன். இப்ப வந்துரும் பாருங்க."

வரவில்லை. திங்களும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை படியில் மடக்கினார் லட்சுமம்மா.

"ஏனப்பா ஹரிஷு, அனுப்புனேன்னியே, எங்க?"

"லைன்ல நிக்குது ஆன்ட்டி. ஏகப்பட்ட கூட்டம். அவ்ளோ வளர்ச்சி."

"எங்க ரேஷன் கடையிலகூட ரெண்டு மணி நேரத்துல ஆயிடும்."

ஹரிஷுக்கு வருத்தமில்லை. காத்திருப்போர் வரிசை நீளமாக இருப்பது நல்ல ஓட்டலின் அடையாளம் என்று அவர் நம்புகிறவர்.

அந்த வாரம் அவருக்கு முக்கியமான வாரம். வெள்ளிக்கிழமை முதலாளி பரத் துபாயிலிருந்து வீடியோவில் வருவார். தொம்மலூர் அலுவலகத்தில் ஒன்பது பேர். கோடு நிமிர்ந்திருந்தால் ஒன்பது பேருக்கும் வேலை தொடரும். படுத்துவிட்டால் மாதக் கடைசியில் கதவு சாத்தப்படும். கோடு நிமிர்ந்துதான் இருந்தது. ஆறு மாதமாக ஏறிக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை மதியம், சக ஊழியர் வித்யாலட்சுமி நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார். தினம் அத்திபெலேயிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். பஸ்ஸில் யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது.

"ஹரிஷ், இந்த நாப்பத்தோராயிரம் பேர் ஞாயித்துக்கிழமைகூட லீவு எடுக்க மாட்டாங்களா?"

"டெடிகேட்டட் யூசர்ஸ்."

"பகல் மூணு மணிக்கு ஆயிரத்து எழுநூறு பேர் வராங்க. விடியக்காலை மூணு மணிக்கும் ஆயிரத்து எழுநூறு. சாப்பிட மாட்டாங்க, தூங்க மாட்டாங்க. மழை பேஞ்சாலும் லேட்டா வர்றதில்ல. இது பெங்களூர்ல நடக்குற விஷயமா?"

"உலகம் பூராவும் இருந்து வராங்க, வித்யா."

"வரல. எல்லாருக்கும் முதல் காசு ஒரே இடத்துலேருந்து போகுது. அந்த இடம் நம்ம மெஷின்."

ஹரிஷுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஆறு மாதத்துக்கு முன், நெட்வொர்க் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அவரே ஒரு சோதனை நிரலை ஓடவிட்டிருந்தார். அது ஒரு புது முகவரியை உண்டாக்கும், துளிக் காசு அனுப்பும், போய்ச் சேர்ந்தால் உயிர் இருக்கிறது என்று பொருள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் கெட்டிக்காரர். கூட்டம் கூடினால் சோதனையும் கூட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தார். கூட்டம் கூடியது, சோதனை கூடியது, சோதனை கூடியதால் கூட்டம் கூடியது. ஆறு மாதமாக ஹரிஷ், ஹரிஷை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

"நிறுத்தினா கோடு விழுந்துரும்" என்றார் கடைசியில்.

"தெரியும்."

"உனக்கும்தான் வேலை போகும்."

"அதுவும் தெரியும். பஸ்ல வரும்போதே யோசிச்சிட்டேன். நாளைக்கு வேற யாராச்சும் கண்டுபிடிச்சா வேலையோட பேரும் போகும்."

இந்த இடத்தில் புதுமுகவரிக்காரரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். அவர் பொய்யர் அல்ல. ஓர் இரவு முழுக்கப் புரண்டார். ஒரு வருடச் சராசரியையும் போட்டுப் பார்த்தார். அதற்கும் கால் வெளியே தெரிந்தது. வியாழன் காலை ஏழு மணிக்கு நிரலை நிறுத்தி, அது வரிசையில் நிறுத்தியிருந்த காசுகளையும் விலக்கினார்.

கோடு சரியவில்லை. செங்குத்தாக விழுந்தது. சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது ஏழு மணிக்குப் பிறகு வந்த புது முகவரிகள் முப்பத்தேழு. வித்யாலட்சுமி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். முப்பத்தாறு, அலுவலகத்து ஆட்கள் தங்கள் போன்களில் செய்துபார்த்த பரிசோதனைகள்.

"ஒண்ணு மிச்சம் இருக்கு ஹரிஷ். இது நம்ம ஆளு யாரும் இல்ல."

ஹரிஷ் எழுந்து வந்து பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முகவரியை, ஒன்றே ஒன்றை, முழுவதும் படித்தார். நாற்பது எழுத்து. ஞாயிற்றுக்கிழமை காசு அனுப்பும்போது சரிபார்த்த அந்தக் கடைசி நான்கு எழுத்துக்கு வந்தபோது அவர் காது சிவந்தது.

லட்சுமம்மா.

ஞாயிற்றுக்கிழமை அனுப்பிய காசு, அவருடைய நாற்பத்தோராயிரம் ஹரிஷ்களுக்குப் பின்னால் நான்கு நாளாக வரிசையில் நின்றிருந்தது. கூட்டம் கலைந்ததும் முன்னால் நின்றது அது மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை பரத் திரையில் வந்தார். ஹரிஷ் எல்லாவற்றையும் சொன்னார், சோதனை நிரல் உட்பட. மற்ற எட்டுப் பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. உண்மையான நம்பர் எவ்வளவு?"

"ஒண்ணு சார்."

"ஒரு லட்சமா?"

"ஒரு ஆள் சார்."

"அதுக்கு முன்னாடி?"

"பூஜ்யம்."

பரத் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவரும் யாரிடமோ கோடு காட்ட வேண்டியவர். அவருக்கு மேலேயும் துபாயில் மாடிகள் உண்டு.

"பூஜ்யத்துலேருந்து ஒண்ணுன்னா, வளர்ச்சி எத்தனை பர்சென்ட்?"

"அப்படி ஒரு பர்சென்ட்டே கிடையாது சார். பூஜ்யத்தால வகுக்க முடியாது."

"அப்ப அளக்க முடியாத வளர்ச்சின்னு போட்டுரு. அடுத்த மூணு மாசம் பாப்போம். அந்த ஒரு யூசரை மட்டும் விட்டுராதீங்க."

இப்படியாக ஒன்பது பேரின் வேலை லட்சுமம்மாவின் போனில் தங்கியது. அன்று சாயங்காலம் ஹரிஷ் கால் கிலோ மைசூர்பாகோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஆன்ட்டி, காசு வந்துருச்சு பாத்தீங்களா? அப்பப்ப ஆப்பைத் திறந்து பாருங்க. எங்க ரிப்போர்ட்ல இந்த வாரம் புதுசா வந்தது நீங்க ஒருத்தர்தான்."

லட்சுமம்மா மைசூர்பாகை வாங்கிக்கொண்டார். மற்றதை வாங்கிக்கொள்ளவில்லை.

"நான் எங்கப்பா புதுசா வந்தேன்? முப்பத்தெட்டு வருஷமா இதே வீட்டுலதான் இருக்கேன். சும்னே எதையாவது எழுதாதே. புதுசா வந்தவங்க வேணும்னா உன் எதிர்க் கதவைத் தட்டு. ஜோவிதான்னு ஒரு பொண்ணு, வந்து மூணு மாசம் ஆச்சு."

"எதிர் வீட்ல ஆள் மாறிட்டாங்களா?"

லட்சுமம்மா மைசூர்பாகுப் பெட்டியைத் திறந்து ஒரு துண்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். கல்யாண வீட்டில் சித்தப்பா லட்டு கொடுத்தது போல.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் ஒரு படம் போட்டீர்களே, அதை முந்நூறு பேர் பார்த்ததாகக் காட்டியதே, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்க நீங்கள் எத்தனை முறை உள்ளே போனீர்கள்? அந்த முந்நூறில் உங்களைக் கழித்துவிட்டீர்களா?

இந்த இதழின் இணையப் பக்கத்துக்குச் சென்ற மாதம் பதினெட்டுப் புதிய வாசகர்கள் வந்ததாக ஆசிரியர் மிகுந்த மகிழ்ச்சியோடு தெரிவித்தார். அதில் வீட்டுக் கணினியும் அலுவலகக் கணினியும் என் இரண்டு போன்களும் அடக்கம் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. நீங்களும் இதை மறுபடி படிப்பதாக இருந்தால், தயவுசெய்து அதே போனில் படியுங்கள்.